தண்ணீர் படாத முகம்

அக்டோபர் 14, திங்கள்

அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். காப்பாட்சியர் ஹேமலதா மேடம் காலையில் வந்ததும் சொன்னார். உப்புக்காற்றில் துணி இற்றுப்போய்விட்டதாம், கன்னத்தில் பூஞ்சை ஏறியிருக்கிறதாம். நவம்பர் கடைசியில் வண்டி வரும். திரும்ப எப்போது வரும் என்று கேட்டேன். "கவர்மென்ட் வேலை சத்யா. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்தா பாக்கலாம்" என்று சிரித்தார்.

பின்னால் எப்போதாவது இதைப் புரட்டினால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். அப்பா என்றால் என்னைப் பெற்ற அப்பா இல்லை. கொடிமேடு கோட்டை அருங்காட்சியகத்தில், நான் டிக்கெட் கிழிக்கும் மேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கும் எண்ணெய் ஓவியம். தோள்வரை சுருட்டை முடி, லேஸ் வைத்த வெள்ளைக் காலர், கறுப்பு அங்கி. பின்னால் ஒரே இருட்டு. எங்கிருந்தோ வரும் வெளிச்சம் முகத்தில் பாதிக்கு மட்டும் விழும். கீழே தகடு: 'அடையாளம் தெரியாத ஆண். பதினேழாம் நூற்றாண்டு. ஓவியர் பெயர் தெரியவில்லை.' கப்பலில் வந்து இந்த ஊரை ஆண்ட வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்களில் அவரும் ஒன்று.

என்னைப் பெற்ற அப்பா குப்புராசு. சுனாமியில் போனவர். எனக்கு அப்போது ஐந்து வயது. ஆளும் கிடைக்கவில்லை, வீட்டோடு கல்யாணப் போட்டோவும் போய்விட்டது. அப்பா எப்படி இருப்பார் என்று நான் கேட்டபோதெல்லாம் அம்மா என்னை இந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இப்படித்தான்டி இருப்பாரு. அந்தச் சடைய மட்டும் எடுத்துட்டுப் பாரு" என்பாள். எடுத்துவிட்டுப் பார்த்துப் பழகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். கஞ்சித் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். பாதிகூடக் குடித்திருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே எதை விழுங்கினாலும் நெஞ்சில் நிற்கிறது என்கிறாள். வாயுத்தொல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, வீட்டில் ஆம்பிளைகள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு புண் மாதிரி இருக்கிறது, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்.

ஆக, வாயு இல்லை, புண். புண் என்றால் ஆறும்.

பஸ்ஸில் அம்மா கொய்யாப்பழம் கேட்டாள். கடித்து, நன்றாக மென்று, சாற்றை மட்டும் வைத்துக்கொண்டு சக்கையை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டு வந்தாள். பின் ஸீட்டுக்காரரிடம் நான் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 23, புதன்

டிசம்பர் இருபத்தாறு வந்தால் இருபது வருடம். ஒவ்வொரு வருடமும் கடற்கரையில் நினைவுத்தூணுக்கு முன்னால் அவரவர் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து வைத்து மாலை போடுவார்கள். எங்கள் இடத்தில் மட்டும் ஒரு மரப்பலகை. அதில் சாக்பீஸில் 'குப்புராசு' என்று எழுதியிருப்பேன். காற்றடித்தால் குப்புற விழும். யாராவது எடுத்து நிறுத்துவார்கள்.

இந்த ஊரில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் படத்திறப்பு உண்டு. பந்தல் போட்டு, படத்தைத் துணியால் மூடி வைத்து, ஊர்த்தலைவரான நாட்டார் வந்து துணியை விலக்குவார். அதற்கப்புறம்தான் அந்த ஆள் சுவருக்குப் போவார். அப்பாவுக்கு அது நடக்கவே இல்லை. திறப்பதற்குப் படம் வேண்டுமே.

அம்மா போன வாரம், "நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னா எந்தப் படத்து முன்னால விழுவடி?" என்றாள். பலகை முன்னால் விழுகிறேன் என்றேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே கிடந்து அரிக்கிறது.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் 'புகைப்படம் எடுக்கக்கூடாது' என்ற அட்டைக்குக் கீழேயே நின்று செல்போனில் படத்தை எடுத்தேன். எத்தனை சுற்றுலாக்காரர்களை இதற்காக விரட்டியிருக்கிறேன்! ஜெகபர் அண்ணன் ஸ்டுடியோவில் கொடுத்து, சடையை எடுத்து, சட்டை போட்டு, அப்பாவாக ஆக்கி, இந்த வருடம் தூணுக்கு முன்னால் வைத்துவிட வேண்டியதுதான். ஊர் வாயை அடைக்கத்தான். மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 26, சனி

ஜெகபர் அண்ணனிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சட்டை. கொடிமேட்டில் செத்த ஆண்கள் எல்லோருக்கும் அதுதான். ரேஷன் கார்டிலிருந்தும் கல்யாண வீடியோவிலிருந்தும் தலையை எடுத்து அந்தச் சட்டைக்கு மேல் ஒட்டிவிடுவார். வாழும்போது சட்டையே போடாதவர்கள்கூடப் படத்தில் பட்டன் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

"யாரு தங்கச்சி இந்த ராசா?" என்றார். சொன்னேன். சிரிக்கப்போகிறார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். முடியை நெற்றியிலிருந்து வழித்தார். லேஸ் காலரை அழித்தார். சட்டையை மாட்டினார். பிறகு நிறம். "எம்புட்டுக் கறுப்பு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. என் கையை நீட்டினேன். "கடலுக்குப் போறவருல்ல, இன்னும் ரெண்டு படி எறக்குவோம்" என்று மவுஸை உருட்டினார். வெள்ளைக்காரத் துரை என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலோரத்து ஆளாக மாறினார். நெற்றியில் விபூதி வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசத்தைப் பாலில் ஊறவைத்து அம்மாவுக்குக் கொடுத்தேன். இறங்கவில்லை. பால் மட்டும் இறங்கியது.

நவம்பர் 4, திங்கள்

சோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் நிறையப் பேசினார். கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு, ஆனால் இந்த உடம்பு தாங்காது, முதலில் நன்றாகச் சாப்பிட்டுத் தேறட்டும் என்கிறார். சாப்பிட முடியாததுதான் நோயே. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

அம்மாவிடம் புண் ஆறக் கொஞ்ச நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன். "சரி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நவம்பர் 6, புதன்

ஜெகபர் அண்ணன் அனுப்பிய படத்தைச் செல்போனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். எது சரி, எது தப்பு என்று கேட்டேன். முதலில் எல்லாம் சரி என்றாள். நான் விடவில்லை. மூக்கு?

"மூக்கு கொஞ்சம் வெடைப்பா இருக்கும்."

காது?

"காதுல ஓட்டை இருக்கும். கடுக்கன் போட்ட ஓட்டை."

மீசை?

"மீசை இருந்துச்சி. நல்லா அடர்த்தியா."

தழும்பு, மச்சம் எதுவும்?

யோசித்தாள். "இங்க" என்று தன் புருவத்தைத் தொட்டாள். "வல இழுக்கறப்ப கயிறு அறுந்து அடிச்ச தழும்பு."

இருபது வருடத்தில் இந்தத் தழும்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடனே எழுதிக்கொண்டேன். இன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். டிக்கெட் கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லிக்கூட அதட்டவில்லை.

நவம்பர் 9, சனி

தங்கராசு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பாவும் அவரும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்ததால் பிழைத்தவர். துறைமுகத்தில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். மீசை சரியா, தழும்பு இடதா வலதா என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்மா" என்றார்.

மூஞ்சி எப்படி இருக்கும் சித்தப்பா?

"நல்லா இருக்கும்."

நான் விடாமல் நின்றேன். ஊசியைக் கீழே வைத்தார். "பொய் சொன்னா நாக்கு அழுகிடும். கட்டுமரத்துல ஒங்கப்பன் முன்னால உக்காருவான், நான் பின்னால. வருசக்கணக்கா அவன் முதுவத்தான் பாத்தேன். முதுவு அப்படியே இருக்குது எனக்கு. வலது தோளு கொஞ்சம் எறங்கி இருக்கும். முதுவுக் குழியில வேர்வ ஓடும். மூஞ்சியக் கேட்டா..." என்று கையை விரித்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி வலையை எடுத்தார்.

வலது தோளை இறக்கச் சொல்லி ஜெகபர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

நவம்பர் 13, புதன்

தாலுகா ஆபீஸ். அந்தக் காலத்து வாக்காளர் அட்டைப் படம் எதுவும் இருக்காதா என்று கேட்டேன். அவ்வளவு பழையது எதுவும் இல்லையாம்.

நவம்பர் 16, சனி

அம்மாவின் குரல் கம்மிவிட்டது. பனிக்காற்று பட்டுவிட்டது என்று சுக்கு வைத்துக் கொடுத்தேன். ஸ்பூனால் ஊற்றினால் இறங்குகிறது. இளநீர், பார்லி, சத்துமாவுத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். காலையில் வேட்டித் துணியால் வடிகட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. முதுகில் புண் வராமல் இருக்கப் பவுடர் போட்டேன். எலும்பு கையில் இடறுகிறது.

புதுப் படத்தைக் காட்டினேன். மீசை வைத்து, புருவத்தில் கோடு இழுத்து, தோளை இறக்கி வந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "மீசை எதுக்கு?" என்றாள்.

நீதானே சொன்னே?

"அவரு மீச வச்சதே இல்லியே."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கத்திவிட்டேன். ஒரு மனுஷனோடு ஆறு வருடம் குடும்பம் நடத்தினாய், மீசை இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாதா என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலிக்குக் கொடுக்கிற மாத்திரைதான் காரணம். அது புத்தியை மயக்குமாம், பார்மசியில் சொன்னார்கள்.

நவம்பர் 20, புதன்

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். வண்டி வருவதற்குள் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். மேடத்திடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்போது கூட்டிவரச் சொன்னார். நல்ல மனுஷி.

நவம்பர் 22, வெள்ளி

ஆட்டோவில் அம்மாவை என் மடிமேல் சாய்த்துக்கொண்டு போனேன். கோட்டைப் படியில் வாட்ச்மேனும் நானும் நாற்காலியோடு தூக்கினோம். கனமே இல்லை. ஓவியத்துக்கு நேரே உட்காரவைத்து, நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விட்டார்.

சின்ன வயதில் இங்கே வந்தால் நான் இவரிடம் என் மார்க்கையெல்லாம் சொல்வேன். கணக்கில் குறைந்தால் சொல்லாமல் போய்விடுவேன். அவர் பாதி முகத்தை இருட்டில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். அதெல்லாம் நினைவுக்கு வந்தது. அம்மாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, "மீச இல்லாம இதேமாதிரிதானம்மா?" என்றேன்.

"இவரு மாதிரி இல்லடி" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. நான் காதை அவள் வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

எது மாதிரி இல்லை? மூக்கா?

"எதுன்னு தெரியல. எனக்கு ஒங்கப்பா மூஞ்சி ஞாபகம் இல்ல. இப்ப இல்ல, அப்பவே இல்ல."

அவள் விட்டு விட்டுச் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"தண்ணி வந்து போனப்புறம் நம்மள இங்கதான் கொண்டாந்து போட்டாங்க. இந்தக் கூடத்துலதான். நீ என் சேலயப் புடிச்சிக்கிட்டு தூங்குற. பள்ளிக்கூடத்துச் செவுத்துல கெடச்ச பொணத்தையெல்லாம் படம் புடிச்சி ஒட்டிருக்காங்க, வந்து அடையாளம் காட்டுன்னு சொன்னாங்க. போனேன். ஒவ்வொண்ணா பாத்தேன். ஊறிப்போயி, கண்ணு எது, வாயி எதுன்னு தெரியாம கெடந்துச்சிங்க. இதா இருக்குமோ, அதா இருக்குமோன்னு உத்து உத்துப் பாத்தேன். ஒண்ணு விடாம பாத்தேன். பாத்து முடிச்சி வெளிய வந்து, ஒங்கப்பா மூஞ்சிய நெனச்சேன். வரல. கண்ண மூடுனா அதுங்கதான் வந்துச்சி."

தண்ணீர் கேட்டாள். ஸ்பூனில் விட்டேன். இருமி முடிய நேரமாகியது.

"இங்க வந்து படுத்தா, எதுத்தாப்புல இவரு. தண்ணி படாத மூஞ்சி. ஊர்லயே அப்ப அது ஒண்ணுதான்டி அப்படி இருந்துச்சி. இதயே பாத்துக்கிட்டுக் கெடந்தா மத்ததுங்க வராது. அதுக்குத்தான் பாத்தேன். நீ முழிச்சிட்டு, அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்ட. நான் என்னான்னு சொல்லுவேன்? இவரப் பாத்துக் கைய நீட்டிட்டேன்."

அப்போ தழும்பு? கடுக்கன்?

"நீ ஆசையா கேட்ட."

நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். வெளியே கடல் எப்போதும்போலச் சாதாரணமாக இருந்தது. எனக்கு அந்த இடத்தில் அம்மாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். சாகப்போகிறவளை அடிக்க வேண்டும்போல இருந்தது.

நவம்பர் 23, சனி

மேலே 'சாகப்போகிறவளை' என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். அடிக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மாவோடு பேசவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன், துடைக்க வேண்டியதைத் துடைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

ஸ்டுடியோவுக்குப் போய், படம் வேண்டாம்ணே, விட்டுடுங்க என்றேன். ஏன் என்று கேட்டார். என்ன சொல்வது? சும்மாதான் என்றேன். "அம்மாவுக்கு முடியலன்னு மனசு ஒடையாத தங்கச்சி. நான் பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். முடி சீப்போடு வருகிறது. "கோவமாடி?" என்றாள். இல்லை என்றேன். இருந்தது. ஆனால் அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. எனக்காவது இருபது வருடம் ஒரு முகம் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. இந்தப் படத்தைக் காட்டி என்னிடம் 'அப்பா' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் தனியாகத்தான் நின்றிருக்கிறாள்.

நவம்பர் 28, வியாழன்

விடாத மழை. புயல் வருகிறதாம். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று வண்டி அவசரமாக வந்துவிட்டது. நான்கு பேர் கையுறை மாட்டிக்கொண்டு படத்தை இறக்கினார்கள். கிட்டத்தில் பார்த்தால் முகம் முழுக்க வெடிப்பு. கண்ணில் இருக்கிற ஈரம் வெறும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்த நாள் மாதிரியே இருந்தது.

சென்னையில் எக்ஸ்ரே எடுப்பார்களே, அப்போது இவர் யார் என்று தெரிந்துவிடுமா மேடம் என்று கேட்டேன்.

"தெரியலாம். தெரியாமலும் போகலாம்" என்றார். "ஒரு ஆளே இல்லாமலும் இருக்கலாம், சத்யா. அந்தக் காலத்து ஓவியருங்க பழகறதுக்காக வெறும் மூஞ்சி போடுவாங்க. மூக்கு ஒருத்தர்து, முடி ஒருத்தர்து. யாரோட படமும் இல்ல அது."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மரப்பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

மூக்கு வழியாகக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டாம் என்பதை டாக்டர் ரொம்பப் பக்குவமாகச் சொன்னார். சிரிஞ்சில் கஞ்சித்தண்ணீர் ஏற்றக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவுக்குக் குரல் முழுதாகப் போய்விட்டது. வேண்டும் என்றால் கண்ணை மூடித் திறக்கிறாள், வேண்டாம் என்றால் தலையை ஆட்டுகிறாள். அவளுக்கு எழுதவும் தெரியாது.

புயலில் கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து கிடக்கிறது. தங்கராசு சித்தப்பா வந்து அடித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 9, திங்கள்

மத்தியானம். குழாயில் இளநீர் ஏற்றி முடித்து, சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டில் சட்டத்தைத் தட்டினாள். ஓடினேன். வலியாக இருக்கும் என்று நினைத்தேன். முகத்தில் வலி இல்லை. கண் இரண்டும் அகலமாகத் திறந்திருந்தது. கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் யாரும் இல்லை.

என்னம்மா? தண்ணியா? தலையாட்டினாள். திருப்பிப் போடவா? தலையாட்டினாள். உள்ளங்கையைத் தன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய், நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாக இறக்கினாள். பிறகு தாலி இருந்த இடத்தைத் தொட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "அப்பாவா? மூஞ்சி வந்துடுச்சா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். தண்ணீர் வழிந்து குழாய் ஒட்டிய பிளாஸ்திரி நனைந்தது. அவள் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. அது என்னைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை.

நான் கேட்கத் தொடங்கினேன். மீசை இருக்கா? அவள் கண்ணை மூடவில்லை, தலையையும் ஆட்டவில்லை. கதவையே பார்த்தாள். ஓடிப்போய்ச் செல்போனை எடுத்துவந்து ஜெகபர் அண்ணன் செய்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மீசை உள்ளது. தலையாட்டினாள். மீசை இல்லாதது. தலையாட்டினாள். அந்தத் துரையின் படத்தையே காட்டினேன். அவசரமாக, கோபமாகக்கூட, தலையை ஆட்டினாள். கையால் செல்போனைத் தள்ளிவிட்டாள். நான் கதவை மறைத்துக்கொண்டிருந்தேன்.

நகர்ந்து நின்றுகொண்டேன். சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நினைவில்லை. மூச்சு மட்டும்.

டிசம்பர் 11, புதன்

அம்மா விடியும்போது போய்விட்டாள். போகும்போது அந்த முகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 14, சனி

சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்தோம். ஜெகபர் அண்ணன் வந்து அம்மா படம் கேட்டார். ஆட்டோவில் போன அன்று கோட்டையில் எடுத்ததை அனுப்பினேன். அதில்தான் கண் நன்றாக விழுந்திருக்கிறது. வீட்டில் இன்னும் பார்லி இருக்கிறது. யாரிடம் கொடுப்பது?

டிசம்பர் 26, வியாழன்

பதினாறாம் நாளும் இருபது வருடமும் ஒன்றாக வந்ததால், கடற்கரையில் தூணுக்கு முன்னாலேயே பந்தல் போட்டுப் படத்திறப்பையும் வைத்துவிடலாம் என்று ஊரில் முடிவுசெய்திருந்தார்கள். எல்லா வீட்டுப் படங்களும் வரிசையாக இருந்தன. எல்லா ஆண்களும் அந்த வெள்ளைச் சட்டையில். எங்கள் இடத்தில் துணி மூடிய படம். பலகையை நான் கொண்டுபோகவில்லை. படம் நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நாட்டார் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் துணியை விலக்கினார். இரண்டு பேர். அம்மா பட்டுச்சேலையில். பக்கத்தில் அவர். முடியை வழித்து வாரி, நெற்றியில் விபூதி, புருவத்தில் தழும்பு, காதில் ஓட்டை, வலது தோள் கொஞ்சம் இறங்கி, வெள்ளைச் சட்டையில். கீழே 'அமரர் குப்புராசு, அமரர் பூங்காவனம்' என்று பொன் எழுத்து. பாதி முகத்து இருட்டை மட்டும் ஜெகபர் அண்ணனால் முழுசாக எடுக்க முடியவில்லை.

பந்தலுக்குப் பின்னால் நின்று அவர் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் செய்து வைத்து, நான் சந்தோஷப்படுவேன் என்று நின்றிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபப்பட முடியவில்லை.

பெண்கள் ஒப்பாரி வைத்து அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "குப்புராசண்ணன் அப்படியே இருக்குதே" என்றாள். இன்னொருத்தி, "அந்தக் கண்ணு, அந்தக் கண்ண மறக்க முடியுமா" என்றாள். தங்கராசு சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் மணலில் அப்படியே மண்டியிட்டு, "வந்துட்டான்மா! இப்பத்தான் எனக்கு அவன் மூஞ்சி வருது! இதேதான்மா! இத்தினி நாளா முதுவக் காட்டிக்கிட்டு இருந்தவன் திரும்பிப் பாத்துட்டான்!" என்று வாய்விட்டு அழுதார். அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இது இல்லை என்று அம்மா தலையாட்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டேன். இன்றோடு அப்பாவுக்கு இந்த ஊரில் இந்த முகம்தான். நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்து கேட்டால், நானும் கையைத்தான் நீட்டுவேன்.

மாலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு மாலை. போட்டேன். விழுந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டேன். படத்தில் இருந்தவர்களில் ஒருவர் என் அம்மா.